பத்தனையில் இரண்டு வளையங்கள்

பெரியகல் தோட்டம், மேல் டிவிசன்,
மடுல்சீமை.
04.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் சொல்லக்கூடியதை எழுதி அனுப்பி உங்கள் நேரத்தை எடுப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நம் லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் கிடைப்பது குழாயடியில் மட்டும்தான். அங்கே நின்று பேசினால் குடத்தோடு நிற்பவர்கள் எல்லோரும் எனக்காக உங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். எனக்கு வாய் வருவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குக் குளிர் நாளில் மட்டும் முழங்கால் வலி. அந்த ஊர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?

ஆசிரியர் நியமனம் வந்துவிட்டது. செப்டம்பர் முதலாம் திகதி கடமையேற்க வேண்டும். பாடசாலை இங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். காலை ஏழரைக்கு மணி அடிப்பார்கள். முதல் பஸ் அங்கே போய்ச் சேர்வது ஒன்பது பத்துக்கு. பக்கத்தில் தங்க இடமும் இல்லை. எனக்கு முன் வந்த மூன்று பேரும் இந்தத் தூரத்தால்தான் வேலையை விட்டுப்போனார்களாம். அம்மா "யோசிப்பம்" என்கிறார். அம்மா யோசிப்பம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும்.

எழுத வந்தது வேறு. அம்மா வேலைக்குப் போகும்போது நம்மை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு மேலே, பத்தனைப் புல்வெளியில் மானாப்புல் தட்டையாக வளர்ந்திருக்கும் இடம் இருக்கிறதல்லவா? அங்கே ஒரு வளையம் கண்டேன். புல்லுக்குள் கரும்பச்சையாக, ஒரு முழ அகலத்தில், கவராயம் வைத்துக் கீறியது போல. குறுக்கே நடந்து பார்த்தேன், ஒன்பது அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று தெரியவில்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் கோதுமை வயல்களில் இப்படி வரும் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

போன கிழமை பதுளைக்குப் போய் வந்தேன். சின்ன வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
தர்மிளா


ஸ்ட்ரோபரிப் பண்ணை,
தெற்கு இங்கிலாந்து.
18.05.2025

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தபோது கேரவனில் சேர்ந்து தங்கியிருக்கும் நாலு பேரும் சுற்றி நின்றோம். நேபாளத்து நண்பன் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை, என் தங்கச்சி டீச்சராகிவிட்டாள் என்றேன். அன்றைக்குத் தேநீர் என் செலவு.

நான் நன்றாக இருக்கிறேன். குனிந்து பறிக்கும் வேலை, முதுகு கொஞ்சம் பேசுகிறது. நான் காது கொடுப்பதில்லை. அம்மா முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு நின்றதை இங்கே வந்துதான் விளங்கிக்கொண்டேன். அதை அம்மாவிடம் சொல்லாதே, கர்வம் வந்துவிடும்.

பஸ் விஷயம் கஷ்டம்தான். நான் ஒக்டோபரில்தான் வருவேன். யோசிப்போம் (அம்மாவின் யோசிப்பம் இல்லை, இது வேறு).

கோதுமை வளையம் உண்மை. கதிர் முற்றும் காலத்தில் வருமாம். எங்கள் டிராக்டர்காரர் ஒரு பெரிய வளையத்தைத் தானே பார்த்ததாகச் சொல்கிறார். யார் போட்டது என்றால் மேலே கையைக் காட்டுகிறார். அது கடவுளா, வேற்றுக்கிரகமா என்று கேட்க என் ஆங்கிலம் பத்தவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். காம்பராவின் பின்கொட்டிலில் நிற்கும் என் பைக்கைப் பதுளை ஸ்பெயார்ஸ் கடை அஸ்ஹர் விலைக்குக் கேட்டிருக்கிறான். சரி என்றேன். ஓகஸ்ட் 30 சனிக்கிழமை வந்து எடுப்பான். அதுவரை கிழமைக்கொரு தடவை யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல், இல்லாவிட்டால் பெற்றரி செத்துவிடும். சாவி காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கும் யோகம்மா அக்காவிடம்.

உனக்கு என்ன வாங்கி வர? எப்போதும் போல "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதாதே.

அண்ணன்,
சதீசன்


மடுல்சீமை.
10.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வந்து, கிளாக்கர் ஐயா முத்திரையில் இருந்த ராஜாவை எல்லோருக்கும் காட்டி முடித்த பிறகு எனக்குக் கிடைத்தது. நாங்கள் சுகம். எனக்கு முழங்கையில் சின்னக் கீறல், படியில் வழுக்கிவிட்டேன். முதுகுக்கு இரவில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

பைக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். பெற்றரி நன்றாக இருக்கிறது.

பத்தனையில் இரண்டாவது வளையமும் வந்துவிட்டது. முதலாவதை ஒட்டி, அதே அளவில். ஃபெக்டரி ரோட்டில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நின்ற நேரம் பூராவும் இதே பேச்சு. நான் அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டேன்.

"பன்னிதான். பன்னி படுத்து உருண்டிருக்கும்."

"ஆமா, பன்னி கணக்கு டீச்சர்கிட்ட படிச்சிட்டு வந்து உருண்டுச்சி."

"இல்லடி, காமன் பொட்டல்ல கூத்து ஆடாம வுட்டோம்ல ரெண்டு வருஷம். மன்மதன் தானே வந்து ஆடிட்டுப் போயிருக்கான்."

"மன்மதன் வந்தா நம்ம லயத்துக்கு வராம பத்தனைக்கு எதுக்குடி போறான்?"

அம்மாவும் சிரித்தார். நான் கேரியரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பகலில் புல் வெட்டும் மெஷின் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் கேட்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். பனிக்குள்ளிருந்து வருமாம், நிற்குமாம், திரும்ப வருமாம். யோகம்மா அக்காவிடம் கேட்டால், "இருந்தா இருக்கட்டும், புள்ளைங்க நல்லா தூங்குதுங்க" என்கிறார்.

எனக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணா. நீங்கள் சுகமாக வந்தால் போதும்.

தங்கை,
தர்மிளா


தெற்கு இங்கிலாந்து.
22.06.2025

தங்கச்சிக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். முழங்கைக் கீறலுக்கு மருந்து போட்டாயா? நம் வீட்டுக்கு நாலு படிதானே இருக்கிறது.

நீ எழுதிய நேரமோ என்னவோ, வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோதுமையிலும் ஒரு வளையம் வந்துவிட்டது! சனங்கள் கார் கார் ஆக வருகிறார்கள். ஒரு அம்மா நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடி, கைவிரல் நடுங்குகிறது என்றார். எனக்கும் நடுங்கியது, குளிரில். நிலத்துக்காரருக்குக் கோபம், வளையத்தில் மடிந்த கதிரை விட, பார்க்க வந்த கால்களில் மடிந்தது அதிகமாம்.

டிராக்டர்காரர் ஒரு கதை சொன்னார். பல வருஷத்துக்கு முன்னே இரண்டு வயதானவர்கள், இதெல்லாம் நாங்கள்தான் பலகையும் கயிறும் வைத்துச் செய்தோம் என்று சொன்னார்களாம். ஒருவரும் நம்பவில்லை. பிறகு ஆட்கள் பார்க்க ஒன்று செய்து காட்டினார்கள். அப்போதும் பாதிப் பேர் நம்பவில்லையாம். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது இவ்வளவு கஷ்டமா என்று யோசித்தேன்.

ஞாயிறு மாலை நானும் உள்ளே போய்ப் படுத்தேன். சுற்றிலும் கதிர், மேலே வானம். இங்கே வந்த பிறகு யாரும் நான் பறித்த பெட்டிகளை எண்ணாத பத்து நிமிஷம் அதுதான்.

எனக்கு உன் வளையங்களைப் பற்றிச் சில விபரம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிறதா? புல் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது? இரண்டிலும் ஒரே பக்கமா?

என்ன வாங்கி வர என்று மறுபடியும் கேட்கிறேன்.

அண்ணன்


மடுல்சீமை.
06.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். முதுகைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கேட்டதற்குப் பதில். இரண்டும் தொடுகின்றன. இரண்டாவது வளையத்தில் புல் இடமிருந்து வலமாகச் சாய்ந்திருக்கிறது. முதலாவதில் முன்பு சாய்வே இருக்கவில்லை, நிறம் மட்டும்தான். இப்போது அதன் மேலும் புல் மடிந்திருக்கிறது, ஆனால் வலமிருந்து இடமாக. இது அறிவுள்ள யாரோ செய்ததற்கு அத்தாட்சி என்று கிளாக்கர் ஐயா சொல்கிறார்.

நான் அளந்தும் பார்த்தேன். இரண்டாவது அவ்வளவு ஒழுங்கில்லை. தெற்குப் பக்கம் கோணல். முதலாவது எங்கே அளந்தாலும் சரியாக இருக்கிறது. மடிந்த புல் நாலு நாளில் நிமிர்ந்துவிடும், ஆனால் அந்தக் கரும்பச்சை போகவில்லை. ஒருவர் செய்தது ஒன்று, ஒருவரும் செய்யாதது ஒன்று என்று தோன்றுகிறது. மற்றவர்களுக்கு இரண்டும் ஒரே அதிசயம்.

பண்டாரவளையிலிருந்து ஜஸீல் என்பவர் ட்ரோன் கொண்டுவந்து மேலேயிருந்து படம் எடுத்தார். "தேயிலை மலையில் இறங்கியது யார்?" என்று வீடியோ போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு கற்பூரம், எலுமிச்சம்பழம், மஞ்சள் துணி எல்லாம் வந்துவிட்டன. செவ்வாய், வெள்ளி அங்கே கால் வைக்க இடமில்லை. மற்ற நாளில் காலை எட்டிலிருந்து பத்து வரைதான் ஆளில்லாமல் இருக்கும்.

அம்மா பெரியம்மாவிடம், "பஸ் சரிவராட்டி அந்த வேலை எதுக்கு, கலியாணத்தப் பாப்பம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஒன்றும் வாங்க வேண்டாம். உண்மையாகத்தான்.

தங்கை,
தர்மிளா


தெற்கு இங்கிலாந்து.
17.07.2025

தங்கச்சிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், நலம்தான்.

ஒன்று இடம், ஒன்று வலம் என்று படித்தபோது என் பதுளை நாட்கள் நினைவுக்கு வந்தன. லைசன்ஸ் ட்ரயலில் நிலத்தில் எட்டு வரைந்து, கால் ஊன்றாமல் பைக்கில் சுற்றச் சொல்வார்களே. நான் இரண்டு தடவை ஊன்றினேன். வீட்டில் வந்து மழை என்று சொன்னேன். அன்றைக்கு மழையே இல்லை.

எனவே அந்த வேற்றுக்கிரகத்தாரை எங்காவது கண்டால் மூன்று விஷயம் சொல். ஒன்று, முன் சில்லைப் பார்க்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு, கிளச்சைப் பாதி பிடித்தபடி, பின் பிரேக்கில் லேசாகக் கால். மூன்று, தெற்குப் பக்கம் கோணுவது பயத்தால். அங்கே சரிவு தெரியும் அல்லவா, அந்தச் சரிவைப் பார்க்காமல் சவுக்கு மரத்தைப் பார்க்கச் சொல்.

அஸ்ஹர் 30ஆம் திகதியை மறக்கவில்லை.

அண்ணன்


மடுல்சீமை.
31.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சொன்னதை உரியவர்களிடம் சேர்த்துவிட்டேன். தெற்குப் பக்கம் இப்போது கோணல் இல்லை.

நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும். உடம்புக்குச் சுகம்தான்.

அந்த வீடியோவைக் கொழும்பில் யாரோ பார்த்துத் தோட்டத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். சின்னத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது. பத்தனைக் காவலுக்கு இருக்கும் வாச்சர் சின்னக்காளை மாமாவை ஒபிஸுக்குக் கூப்பிட்டு, யார் உள்ளே வந்தது என்று கேட்டிருக்கிறார். மாமா "தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னாராம். யாரையோ மறைக்கிறாய், ஆளைச் சொல்லும் வரை வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். இன்றோடு ஆறு நாள். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது.

மாமா குழாயடிப் பக்கம் வருவதில்லை. நேற்றுத் தூரத்தில் கண்டேன். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் நிற்கவில்லை.

ஒபிஸுக்குப் போகும் ரோட்டில் பாதி வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன். பட்டமளிப்பு மேடையில் ஏறவே எனக்குக் கால் வரவில்லை, உங்களுக்குத் தெரியும்.

தங்கை,
தர்மிளா


தெற்கு இங்கிலாந்து.
11.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

நான் செய்ய வேண்டியதை மட்டும் செய்கிறேன். முதுகைப் பற்றி நான் எழுதியது பொய். ஜூலையில் பதினொரு நாள் எழும்ப முடியவில்லை. கேரவன்காரர்கள்தான் கஞ்சி காய்ச்சித் தந்தார்கள். இப்போது பரவாயில்லை, பறிக்கும் வேலையிலிருந்து எடுத்துப் பொதி கட்டும் மேசையில் விட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் நீயே சொல், ஆறுதலாக.

கோதுமையை அறுத்துவிட்டார்கள். வளையம் இருந்த இடமே தெரியவில்லை.

அஸ்ஹரிடம் சரி என்றேன்தான், ஆனால் இன்னும் காசு வாங்கவில்லை. வேறு யாருக்காவது வேறு யோசனை இருந்தால் 30க்கு முன் தெரிய வேண்டும்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்?

அண்ணன்


மடுல்சீமை.
23.08.2025

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பொதி மேசையிலேயே இருங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அப்பவே தெரியும், அவன் எழுத்து சாஞ்சி கெடந்துச்சி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியில் இருந்தார்.

ஓகஸ்ட் ஆறாம் திகதி முதலில் சின்னக்காளை மாமா வீட்டுக்குப் போனேன். "மாமா, அது நான்தான்" என்றேன். அவர் பீடியை அணைத்தார்.

"தெரியும்மா. காவக்காரனுக்குத் தெரியாமலா? மொத கெழம நீ வுழுந்தத எண்ணிக்கிட்டுல்ல இருந்தேன். பதினாலு."

"ஏன் மாமா சொல்லல?"

"என்னான்னு சொல்ல? புள்ள படிக்குதுன்னா? படிக்கட்டும்னு வுட்டேன். இம்புட்டுத் தூரம் போகும்னு யாரு கண்டா? அந்த ட்ரோன்காரன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

அங்கிருந்து நேரே பெரட்டுக் களத்துக்குப் போனேன். பாதி ரோட்டில் நின்றால் திரும்பிவிடுவேன் என்று எங்கும் நிற்கவில்லை. பெரியதுரை, சின்னத்துரை, கங்காணிமார், கூடையோடு பெண்கள், நடுவில் அம்மா. "பத்தனையில் வளையம் போட்டது நான். பைக் பழகினேன்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

நீங்கள் எழுதியது போலவே நடந்தது. ஒருவரும் நம்பவில்லை. "வாச்சரக் காப்பாத்த புள்ளய அனுப்பியிருக்காங்க" என்றார் கிளாக்கர் ஐயா. "சாமி வளையத்தப் போயி நாந்தான்னு சொல்லுதே, வாயக் கழுவு" என்றது ஒரு பாட்டி. பெரியதுரை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப போட்டுக் காட்டுங்க" என்றார்.

யோகம்மா அக்கா பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் பத்தனைக்கு ஏறினார்கள். மஞ்சள் துணியையும் எலுமிச்சம்பழத்தையும் நானே எடுத்து ஓரத்தில் வைத்தேன். சவுக்கு மரத்தைப் பார்த்தேன். இடம் ஒன்று, வலம் ஒன்று. மூன்று தடவை சுற்றினேன். கால் ஊன்றவில்லை.

முதலில் கேட்டது அம்மாவின் குரல்தான்: "அவன் ரெண்டு தடவ கால் வெச்சான். மழைன்னான். இவ வெக்கல." பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சின்னக்காளை மாமாவுக்கு மறுநாளே வேலை. புல்லை மிதித்ததற்கு எனக்குப் பெரியதுரை தந்த தண்டனை, மூன்று சனிக்கிழமை காம்பராப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது. இன்றோடு முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மா என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து எண்ணெய் பூசினார். "படியில வழுக்குச்சாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒரு உண்மை. எட்டில் ஒரு வளையம்தான் என்னுடையது. முதலாவது நான் கண்டபோதே இருந்தது. அதை வைத்துத்தான் என் வளையத்தைப் போட்டேன். மாமாவிடம் கேட்டேன். "நான் வேலைக்கு வந்த புதுசுல அது மாட்டு வண்டிச் சக்கரம் அளவுதாம்மா. நடுவுல பெரிய சவுக்கு ஒண்ணு வெட்டுன தூர் கெடந்துச்சி. வருஷா வருஷம் பெருசாவுது" என்றார். போன கிழமை மூன்று நாள் எதிர்பாராத மழை. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் கரும்பச்சை ஓரம் முழுக்க வெள்ளைக் காளான், வட்டமாக, ஒன்றுகூட வரிசை தப்பாமல். பூஞ்சை மண்ணுக்குள் ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவும் என்று படித்திருக்கிறேன். யோகம்மா அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "சரி டீச்சர், நடுவுல கல்லு இருக்கு, வேர் இருக்கு. ஒரே வேகத்துல போகச் சொல்லி அதுக்கு யாரு சொன்னா?" என்றார். பாடசாலைக்குப் போனதும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

முதல் கடிதத்தில் சின்ன வேலை என்று எழுதினேனே, பதுளைக்குப் போனது லைசன்ஸ் மெடிக்கலுக்கு. ஜூனில் எழுத்துப் பரீட்சைக்கு. போன புதன்கிழமை ட்ரயல். பாஸ்.

இந்தக் கடிதம் தபாலில் வந்தால் 30ஆம் திகதி தாண்டிவிடும். போனில் கேட்டால் நான் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் இதைப் படம் எடுத்து, குழாயடியில் நின்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். குடத்தோடு யார் நின்றாலும் சரி.

மூன்று கடிதத்தில் கேட்டீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வளையத்தைப் பற்றி எழுதினேன்.

அண்ணா, பைக்கை அஸ்ஹர் அண்ணாவுக்குக் கொடுக்க வேண்டாம். அது எனக்கு வேண்டும்.

தங்கை,
தர்மிளா